அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்

அய்யா, போன சனிக்கிழமை பண்ருட்டியிலிருந்து மூன்று பேரும் கடலூர் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனீர்கள். பொண்ணுக்கு நீட் மார்க் போதவில்லை, மேனேஜ்மென்ட் கோட்டாவில் டாக்டர் சீட்டுக்காக முந்திரித் தோப்பை விலை பேசியாயிற்று, அவளை டாக்டராக்காமல் விடமாட்டேன் என்கிறார் மச்சான். அன்றைக்கு ஆறுதல் சொல்லி அனுப்பிவிட்டேன். அது தப்பு.

உங்கள் பொண்ணு அன்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அத்தைக்குப் புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில் மார்பகப் புற்றுநோய் சிகிச்சை நடந்தபோது துணைக்கு இருந்தவள். "ரெண்டு மருந்துல எது நல்லதுன்னு முதல்ல எப்படி சார் கண்டுபிடிச்சாங்க?"

அந்தக் கேள்வியே ஒரு தொழில் அய்யா. பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ், அதாவது மருத்துவத்துக்கான புள்ளியியல் என்பார்கள். வழக்கமான மருந்துச் சோதனையில் காசு சுண்டுவதுபோல நோயாளிகளைச் சமமாகப் பிரித்து, கடைசிவரை அப்படியே நடத்துவார்கள். புதுத் தகவல் வர வரக் கணிப்பைத் திருத்திக்கொள்ளும் 'பேயஸ்' கணக்கு வழியில், முடிவுகள் வர வர, அடுத்து வரும் நோயாளிக்குப் பலன் தரும் மருந்து கிடைக்கும் வாய்ப்பைக் கூட்டிக்கொண்டே போகலாம். 1933-லேயே தாம்ப்சன் என்பவர் எழுதிய யோசனை இது. அமெரிக்காவின் ஹூஸ்டனில் நடந்த 'பேட்டில்' நுரையீரல் புற்றுநோய்ச் சோதனையில் 255 பேர், நான்கு சிகிச்சைகள். முதல் 97 பேருக்குச் சம வாய்ப்பு. அப்புறம், எந்த வகைக் கட்டி எந்த மருந்தில் எட்டு வாரம் கட்டுப்பட்டு இருந்தது என்று பார்த்து, அடுத்து வந்தவர்களுக்கு வாய்ப்பை மாற்றினார்கள்.

இதில் சண்டையும் உண்டு. இரண்டே மருந்து என்றால் சமமாகப் பிரிப்பதுதான் மேல் என்று பலர் வாதாடுகிறார்கள். ஆரம்பத்தில் நாலு பேருக்குத் தற்செயலாகக் குணம் தெரிந்தாலும் கணக்கு தப்பான பக்கம் சாய்ந்துவிடும். எவ்வளவு சாய்க்கலாம், எப்போது நிறுத்தலாம் என்று சோதனைக்கு முன்பே கம்ப்யூட்டரில் ஆயிரக்கணக்கான முறை ஓட்டிப் பார்க்க ஆள் வேண்டும். அந்த ஆளாக இவள் வரலாம்.

இளங்கலையில் புள்ளியியலோ கணிதமோ போதும். எம்.எஸ்ஸி. புள்ளியியல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது, காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது. இரண்டும் பஸ்ஸில் போகிற தூரம். இந்தத் துறையில் புழங்கும் 'ஆர்' (R) மென்பொருள் இலவசம், இன்று ராத்திரியே வீட்டில் தொடங்கலாம். சென்னை, பெங்களூரு, ஹைதராபாத்தில் மருந்து ஆய்வு நிறுவனங்கள் இந்தப் படிப்புக்கு ஆள் எடுக்கின்றன.

தோப்பு விஷயத்தில் நான் இறங்கி வரமாட்டேன். வருஷா வருஷம் காய்க்கிற சொத்து அது. போனால் மச்சான் வாங்கித் தரப்போவதில்லை. டாக்டராக அவளுக்கே ஆசை இருந்தால்கூட, இன்னொரு முறை நீட் எழுதச் சொல்வேனே தவிர விற்கச் சொல்லமாட்டேன். "உனக்கு டாக்டராகணுமா?" என்று மூன்று தரம் கேட்டேன். மூன்று தரமும் அவள் உங்கள் முகத்தைத்தான் பார்த்தாள்.

அட்வான்ஸ் கை மாறியிருந்தால் இந்த வாரமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அப்புறம் அவளை மட்டும் ஒரு நாள் என்னிடம் அனுப்புங்கள்.