பாசி எடுக்கும் அம்மாவைப் பற்றி ஒரு அனிமேஷன் படம்: தனியாளாகச் செய்ய முடியுமா?

கேள்வி: மண்டபம் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர் எனக்கு. ராமநாதபுரத்தில் போட்டோ ஸ்டுடியோவில் ஆல்பம் டிசைன் செய்கிறேன். அம்மா கடல்பாசி எடுக்கப் போகிறவர். அவரைப் பற்றி மூன்று நிமிட அனிமேஷன் படம் எடுக்க ஆசை. கையில் இருப்பது ஒரு போனும் பழைய லேப்டாப்பும்தான். கணினியில் அனிமேஷன் செய்கிற பிளெண்டர் கற்றுக்கொள்ளட்டுமா, கையால் செய்யட்டுமா, கோர்ஸ் ஏதாவது சேர வேண்டுமா? – ஒரு வாசகி

பதில்: தாராளமாக முடியும். ஆனால் மூன்று நிமிடம் வேண்டாம். சினிமாவில் வினாடிக்கு 24 பிரேம். கையால் செய்பவர்கள் பெரும்பாலும் ஒரே படத்தை இரண்டு பிரேமுக்கு வைப்பார்கள், அதனால் வினாடிக்கு 12 படம் போதும். அப்படியும் மூன்று நிமிடத்துக்கு 2,160 படம். பகலெல்லாம் ஸ்டுடியோவில் கண்ணைக் கொடுத்துவிட்டு ராத்திரி உட்காருகிறவருக்கு இது பாதியில் நின்றுபோகிற எண். ஒன்றரை நிமிடம் என்றால் 1,080. ஒரு ராத்திரிக்கு நான்கைந்து வினாடி எடுத்தாலும், இடையில் விட்டுப்போகிற நாட்களைச் சேர்த்து இரண்டு மூன்று மாதத்தில் முடிந்துவிடும்.

கதையையும் அதற்கேற்பச் சுருக்குங்கள். அம்மாவின் வாழ்க்கை முழுவதையும் சொல்லப் போகாதீர்கள். அவர் ஒருமுறை மூச்சைப் பிடித்து இறங்கி, பாசியோடு மேலே வருகிறார். அவ்வளவுதான் படம். அவர் மூச்சடக்கும் நேரத்தைக் கடிகாரம் வைத்து அளந்து பாருங்கள். தண்ணீருக்குள் நடக்கும் காட்சியின் நீளம் அதுவேதான். நீட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

பிளெண்டர் இலவசம், அருமையான மென்பொருள். லாட்வியா நாட்டுக்காரர் கின்ட்ஸ் ஜில்பாலோடிஸ் 2019-இல் 'அவே' என்ற முழுநீளப் படத்தைத் தனியொருவராகச் செய்தார். அடுத்து ஒரு சிறு குழுவோடு பிளெண்டரில் அவர் செய்த 'ஃப்ளோ' 2025-இல் ஆஸ்கர் வாங்கியது. இரண்டிலும் ஒரு வசனம் கிடையாது. ஆனால் அம்மாவின் கை நீங்கள் நினைத்தபடி பிளெண்டரில் அசைய, நல்ல பயிற்சி வேண்டும், பழைய லேப்டாப்பும் ஒத்துழைக்க வேண்டும். இந்தப் படத்துக்காக அதைத் தொடங்காதீர்கள். வெட்டுருவ முறைக்கு வாருங்கள். கறுப்பு அட்டையில் உருவங்களை வெட்டி, கீழிருந்து ஒளி கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்த்தலையும் போனில் எடுப்பதுதான் அது.

இது இரண்டாம் தர வழி கிடையாது. இன்று நமக்குக் கிடைக்கும் முழுநீள அனிமேஷன் படங்களில் மிகப் பழையது, ஜெர்மனியில் லோட்டே ரைனிகர் செய்து 1926-இல் வெளியிட்டது. அட்டையையும் மெல்லிய ஈயத்தகட்டையும் கத்தரித்து, மூட்டுகளைக் கம்பியால் கோத்துத்தான் அதைச் செய்தார். தோல்பாவைக் கூத்து பார்த்து வளர்ந்த நமக்கு நிழலுருவம் அந்நியமும் இல்லை. வெறும் தோல் உருவத்தை வைத்து அழவும் சிரிக்கவும் வைக்க முடியும் என்று நம் கூத்துக்காரர்கள் காட்டியிருக்கிறார்கள்.

மேசைக்கு இரண்டு கண்ணாடி போதும். கடையிலேயே ஓரத்தை மழுக்கித் தரச் சொல்லுங்கள். இரண்டுக்கும் இடையில் நான்கு விரற்கடை இடைவெளி விட்டுச் செங்கல்லில் நிறுத்துங்கள். அடியில் டிரேசிங் பேப்பர், அதற்கும் கீழே எல்.இ.டி. விளக்கு. கீழ்க்கண்ணாடியில் பாறையும் பாசியும், மேல்கண்ணாடியில் அம்மா. போன் நேர் மேலே, இம்மியும் அசையாமல். தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால் இவற்றை மெல்லிய செம்புக் கம்பியால் கோர்க்கவும். கைக்கு மட்டும் தனியாகப் பெரிய உருவம் ஒன்று வேண்டும். விரல்களில் சுற்றிய துணியின் பிசிறு வரை தெரிகிற அளவில் வெட்டுங்கள். இந்தப் படத்தின் முகம் அந்தக் கைதான்.

தண்ணீரின் கலங்கலுக்கு ரஷ்யாவின் யூரி நார்ஸ்டெயினிடம் ஒரு வழி இருக்கிறது. 1975-இல் அவர் செய்த மூடுபனிக் காட்சிகள் உலகப் புகழ் பெற்றவை. அந்தப் பனி, உருவத்தின் மேல் போட்ட மெல்லிய தாள்தான். ஒவ்வொரு பிரேமுக்கும் அந்தத் தாளைக் கேமராப் பக்கமாகச் சிறிது சிறிதாக உயர்த்தினார். தாள் உருவத்தை ஒட்டிக் கிடந்தால் கோடு துல்லியமாகத் தெரியும், விலக விலக மங்கும். அம்மா உருவத்தின் மேல் இன்னொரு டிரேசிங் பேப்பரைப் போட்டு, அவர் ஆழத்துக்குப் போகையில் அதை மெல்ல உயர்த்துங்கள், மேலே வரும்போது இறக்குங்கள். கணினியில் மங்கலாக்குவதைவிட இது உயிரோடு இருக்கும்.

பாசியைப் பிடுங்கும்போது எழும்புகிற மண்ணுக்கு மண்ணையே பயன்படுத்துங்கள். கனடாவில் கரோலின் லீஃப் 1974-இல் ஒரு படம் முழுவதையும் வெளிச்சக் கண்ணாடி மேல் மணலைப் பரப்பி, விரலால் ஒதுக்கியே செய்தார். அதில் அடுத்த படம் வரும்போது முந்தையது அழிந்துவிடும், திரும்பிப் போக வழியில்லை. அதனால் உங்களுக்கு அந்த ஒரு ஷாட் போதும். நம் கடற்கரை மணலை அப்படியே போடக்கூடாது. உப்பு ஈரத்தை இழுத்து, மணல் கட்டிகட்டியாக ஒட்டிக்கொள்ளும். நல்ல தண்ணீரில் பலமுறை அலசி, வெயிலில் காயவைத்து, மெல்லிய துணியில் சலித்துக்கொள்ளுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

அசைவில்தான் புதியவர்கள் சறுக்குகிறார்கள், எல்லாவற்றையும் ஒரே சீராக நகர்த்திவிடுவார்கள். பாசியைப் பிடுங்குவதை எடுத்துக்கொள்வோம். விரல்கள் பாறையை நெருங்க நான்கு படம், நெருங்க நெருங்க இடைவெளி குறையட்டும். பிடித்ததும் கை அசையாமல் மூன்று படம். கை பாறையிலேயே இருக்க, தோள் மட்டும் லேசாகப் பின்வாங்க இரண்டு. அடுத்த ஒரே படத்தில் பாசி கையோடு வந்துவிட வேண்டும், உடம்பும் பின்னால் போயிருக்க வேண்டும். பிறகு தண்ணீரில் மிதந்து நிதானத்துக்கு வர எட்டு. மொத்தம் 18 படம், ஒன்றரை வினாடி. பாசி வேர்விடாமல் இறுகப் பிடித்திருக்கிற பலம், அந்த அசையாத மூன்று படத்திலும் பாய்கிற ஒரு படத்திலும்தான் தெரியும். முதல் பத்து வினாடி முடிந்ததும் அம்மாவிடம் போட்டுக் காட்டுங்கள். கை எங்கே தப்பாகப் போகிறது என்று அவரைவிட யாரும் சரியாகச் சொல்ல மாட்டார்கள்.

போனில் ஃபோகஸ், எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்) மூன்றையும் பூட்டிவிடுங்கள். ஸ்டாப் மோஷன் ஸ்டுடியோ போன்ற ஆப்பில் முந்தைய படம் மங்கலாகத் தெரியும், அதைப் பார்த்தே அடுத்ததை நகர்த்தலாம். மாலையில் வோல்டேஜ் ஏறி இறங்கினால் படம் மினுங்கும், அதனால் எல்.இ.டி.யை பேட்டரியில் ஓட்டுங்கள். ஜன்னலை அடைத்து, அடர்நிறச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். வெள்ளைச் சட்டை கண்ணாடியில் பிரதிபலிக்கும். எடிட்டிங்குக்கு ஷாட்கட் போதும், இலவசம். அசல் படங்களை இரண்டு இடத்தில் சேமியுங்கள்.

ஒலியை முதலிலேயே பதிவு செய்துவிடுங்கள். அம்மா தலையைத் தூக்கியதும் இழுக்கிற முதல் மூச்சுதான் உங்கள் பின்னணி இசை. கச்சான் காற்று அடிக்கிற நாளில் கரையில் நின்று பதிவு செய்தால் காற்றிரைச்சல்தான் விழும். விடியற்காலையில், மைக்கைப் பஞ்சால் மூடி எடுங்கள்.

இன்னொன்று, மிக முக்கியமானது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே பாசி எடுப்பது தொடர்பாகப் பெண்களுக்கும் வனத்துறைக்கும் இழுபறி இருப்பது உங்களுக்குத் தெரியும். வீடியோ எடுத்தால் முகம், படகு, இடம் எல்லாம் பதிவாகி, யாருக்காவது சிக்கலாகலாம். அனிமேஷனில் அந்தப் பயம் குறைவு. 2021-இல் டென்மார்க்கில் வந்த 'ஃப்ளீ', ஆப்கானிஸ்தானிலிருந்து தப்பிவந்த ஒருவரின் உண்மைக் கதை. அவர் யாரென்று வெளியே தெரியாமல் இருக்கவே அதை வரைந்தார்கள். நீங்களும் படகின் பதிவெண், தீவின் அடையாளம், உண்மைப் பெயர் எதையும் காட்ட வேண்டாம். அம்மாவோடு போகிற மற்றப் பெண்களிடமும் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

கோர்ஸ் இப்போது தேவையில்லை. கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் தன் தளத்தில் நிறைய அனிமேஷன் படங்களை இலவசமாக வைத்திருக்கிறது. கரோலின் லீஃபும், குஜராத்திலிருந்து போன இஷு படேலும் அந்த வாரியத்தில்தான் வேலை செய்தார்கள். வாரம் ஒரு படத்தை, ஒலியை நிறுத்தி ஒருமுறை, ஒலியோடு ஒருமுறை பாருங்கள். மும்பையில் கீதாஞ்சலி ராவ் தன் கையாலேயே தீட்டிய 'பிரிண்டட் ரெயின்போ' என்ற குறும்படம் 2006-இல் கான் திரைப்பட விழாவின் விமர்சகர் வாரத்துக்குப் போனது. அதையும் தேடிப் பாருங்கள்.

முடித்தவுடன் யூடியூபில் போட்டுவிடாதீர்கள். ஏற்கெனவே இணையத்தில் வந்த படத்தைச் சில விழாக்கள் ஏற்பதில்லை. திருவனந்தபுரத்தில் நடக்கும் ஆவணப்பட, குறும்பட விழா உங்களுக்குப் பக்கம், மும்பையிலும் ஒன்று உண்டு. வெளிநாடு என்றால் பிரான்சில் 1960-இல் தொடங்கிய அன்னேசி அனிமேஷன் விழா. விதிகளைப் படித்து, நுழைவுக் கட்டணம் இல்லாத விழாக்களுக்கு முதலில் அனுப்புங்கள்.