கார்கூட வர்ற கம்பெனி டயர் எவ்வளவு நாள் தாங்கும்? எப்ப மாத்தணும்?

வண்டி வாங்கி அஞ்சரை வருஷம் ஆச்சு, 36,000 கிமீ தான் ஓடியிருக்கு, பட்டன் (டயர்ல ரோட்டைத் தொடுற ரப்பர் கட்டை) நல்லாத்தான் இருக்கு, ஆனா சர்வீஸ்ல டயர் மாத்தச் சொல்றாங்க, நம்பலாமான்னு கேட்டிருக்கீங்க. நான் தர்மபுரி, மாமனார் ஊரு காவேரிப்பட்டணம். எங்க ரெண்டு வீட்டு கார்லயும் கம்பெனி டயர் போனதைப் பாத்திருக்கேன், ரெண்டும் போன விதம் வேற வேற, அதனால ரெண்டையும் சொல்லிடறேன்.

பொதுவா நம்ம ஊர் ரோட்டுல சின்ன காருக்கு கம்பெனி டயர் 40,000லேர்ந்து 50,000 கிமீ வரும். காத்து ஒழுங்கா பாத்து, சடன் பிரேக் போடாம ஓட்டுறவங்களுக்கு அதுக்கு மேலயும் வருது, அலைன்மென்ட், அதாவது வீல் நேரா நிக்கிற கோணம், கெட்ட வண்டின்னா 30,000லயே முடிஞ்சிரும். இன்னொன்னு, கார் கம்பெனிக்காரங்க மைலேஜ் நல்லா காட்டணும், வண்டி சத்தமில்லாம போகணும்னு பாத்து தான் டயர் வாங்கிப் போடறாங்க, அதனால அதே பேர்ல கடையில வாங்குற டயர் கொஞ்சம் கூடவோ கொறையவோ வந்தா ஆச்சரியப்படாதீங்க.

என் வண்டி 2018ல வாங்குனது. வாரத்துல மூணு நாள் கிருஷ்ணகிரி போய் வருவேன், போக வர 90 கிமீ வரும், நாலு வழிச்சாலை தானே டயர் எங்க தேயப் போகுதுன்னு டயர் பக்கமே போகல. 2021 ஐப்பசி மழையில சேலம் போறோம், தொப்பூர் இறக்கத்துல ரெட்டைப் பாலம் தாண்டல, முன்னாடி போன லாரி பிரேக் லைட் எரிஞ்சுது, நானும் பிரேக்க மிதிச்சேன், காலுக்கடியில ஏபிஎஸ் (வீல் பூட்டிக்காம விட்டு விட்டுப் பிரேக் புடிக்கிற அமைப்பு) கடகடன்னு அடிக்குது ஆனா வண்டி நிக்காம தண்ணி மேல வழுக்கிட்டே போகுது, ஸ்டியரிங் கையில பஞ்சு மாதிரி லேசாயிருச்சு. லாரிக்கு ஒரு ஆள் நீளம் இருக்கும்போது தான் நின்னுச்சு. பக்கத்துல வீட்டுக்காரம்மா, மடியில பையன். சேலம் போய்ச் சேர்ற வரைக்கும் ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசல.

மறுநாள் காலையில நாலு ரோட்டுப் பக்கம் ஒரு டயர் கடைக்குப் போனேன். கடைக்காரண்ணன் மீட்டர் எதுவும் எடுக்கல, முன் டயர் மேல உள்ளங்கைய வச்சு வெளியிலேர்ந்து உள்ள தடவுனாரு, அப்புறம் உள்ளேர்ந்து வெளிய. "நீங்க தடவிப் பாருங்க தம்பி"ன்னாரு. ஒரு பக்கமா தடவுனா வழவழன்னு போகுது, திருப்பித் தடவுனா ரம்பம் மாதிரி கையில புடிக்குது. அலைன்மென்ட் போயி ரொம்ப நாளாச்சுன்னு அதுக்கு அர்த்தமாம். ரெண்டு ஓரமும் தேஞ்சா காத்து கம்மியா ஓட்டியிருக்கீங்க, நடுவுல தேஞ்சா காத்து அதிகம், ஒரே ஓரம் தேஞ்சாலும் இந்த மாதிரி ரம்பம் புடிச்சாலும் அலைன்மென்ட். அன்னைக்குக் கத்துக்கிட்டதை இன்னைக்கு வரைக்கும் மாசம் ஒருதடவ தடவிப் பாத்துருவேன்.

அப்புறம் பட்டனுக்கு நடுவுல ஓடுற பள்ளத்துக்குள்ள குறுக்க இருக்கிற சின்ன மேட்டைக் காட்டுனாரு. டயர் ஓரத்துல டிடபிள்யூஐன்னு எழுத்தோ சின்ன முக்கோணமோ இருக்கும், அதுக்கு நேரா பள்ளத்துல பாத்தா தெரியும். புது டயர்ல பள்ளம் 7, 8 மில்லி ஆழம், அந்த மேடு 1.6 மில்லி உயரம், பட்டன் தேஞ்சு அந்த மேட்டுக்குச் சமமா வந்துட்டா சட்டப்படியே அந்த டயர் ஓடக்கூடாது. ஆனா மழைத்தண்ணிய வாங்கி வெளிய தள்ற வேலைய பள்ளம் தான் செய்யுது, 3 மில்லிக்குக் கீழ வந்தாலே ஈர ரோட்டுல பிடிப்பு நல்லாவே கொறையும். எனக்கு 43,000 கிமீல முன்னாடி ரெண்டும் மேட்டைத் தொட்டுருச்சு, பின்னாடி ரெண்டும் பாதி கூட தேயல. முன் வீல் இழுக்குற வண்டியில முன் டயர் தான் சீக்கிரம் போகும், 10,000 கிமீக்கு ஒருதடவ முன்னது பின்ன பின்னது முன்ன மாத்திப் போட்டிருந்தா நாலும் ஒண்ணா தேஞ்சிருக்கும். நான் ஒருதடவ கூட மாத்தல. ரெண்டு டயர் மட்டும் புதுசு வாங்குனா அதை பின்னாடி போடணும், பின்பக்கம் மழையில வழுக்குனா வண்டி சுத்திடும், திருப்பவே முடியாது.

இது கிலோமீட்டர்ல போன டயர். உங்க வண்டி மாமனார் வண்டி சாதி. அவரு வண்டி 2014, எட்டு வருஷத்துல 21,000 கிமீ தான், கல்யாணம் காட்சின்னா வெளிய வரும், இல்லன்னா மாந்தோப்புல வெயில்லயே நிக்கும். டயர் பக்கச்சுவர்ல சிலந்தி வலை மாதிரி வெடிப்பு விட்டிருந்துச்சு, நான் சொன்னேன். "பட்டன் அப்படியே இருக்கு மாப்ள, எதுக்கு மாத்தணும்"னாரு. வயசுல பெரியவர், நானும் விட்டுட்டேன். 2022 மாங்கா சீசன்ல பின்னாடி நாலு பெட்டி மாம்பழம் ஏத்திட்டு வர்றாரு, நல்ல வெயில், 80ல போகும்போது பின்னாடி தட் தட்னு சத்தம், ஓரங்கட்டி இறங்கிப் பாத்தா டயர் மேல்பட்டை மரப்பட்டை உரிஞ்ச மாதிரி உரிஞ்சு தொங்குது, உள்ள கம்பி தெரியுது. அது அடிச்ச அடியில வீல் மேல இருக்கிற தகடு உள்ள போயிருச்சு. அவருக்கு ஒண்ணும் ஆகல, சாமி புண்ணியம். ரப்பர் ஓடினாலும் ஓடாட்டியும் வெயில்லயும் காத்துலயும் காஞ்சு இறுகிப் போகும், சும்மா நிக்கிற வண்டிக்கு இன்னும் மோசம்.

அதனால முதல்ல டயர் வயசைப் பாருங்க. பக்கச்சுவர்ல டிஓடின்னு ஆரம்பிக்கிற வரிசையோட கடைசியில நாலு நம்பர் இருக்கும், 2319னு இருந்தா 2019ம் வருஷம் 23வது வாரம் செஞ்சது. ஒரு பக்கம் அந்த நாலு நம்பர் இல்லன்னா மறுபக்கம் குனிஞ்சு பாருங்க. அஞ்சு வருஷம் தாண்டுனா வருஷத்துக்கு ஒருதடவ தெரிஞ்சவங்ககிட்ட காட்டணும், எப்படி இருந்தாலும் 10 வருஷத்துக்கு மேல வேண்டாம்னு டயர் கம்பெனிக்காரங்களே சொல்றாங்க. நம்ம பக்கத்து வெயிலுக்கு ஆறு, ஏழு வருஷத்துல மாத்திடறது நல்லதுன்னு தான் நான் சொல்லுவேன்.

உங்க டயர்ல வெடிப்பு இல்ல, எங்கயும் பொடைப்பு இல்ல, பள்ளம் 3 மில்லிக்கு மேல இருக்குன்னா இன்னும் ஒரு வருஷம் ஓட்டலாம், சர்வீஸ்ல சொன்னாங்கன்னு அவசரப்பட வேண்டாம். நகத்தால அழுத்துனா வெடிப்பு விரியுதுன்னா, இல்ல பக்கச்சுவர்ல முட்டை மாதிரி ஒரு பொடைப்பு தெரியுதுன்னா நாளைக்கே மாத்துங்க, ஹைவேல ஏத்தாதீங்க. காத்து டிரைவர் கதவுகிட்ட ஒட்டியிருக்கிற அளவு தான், அதுவும் காலையில வண்டி எடுத்ததும் பக்கத்துக் கடையில புடிக்கணும், ஓடி சூடான டயர்ல அளவு கூட காட்டும், அதைப் பாத்து காத்தை இறக்கிடாதீங்க.

டிக்கிய தொறந்து ஸ்டெப்னியையும் பாத்துருங்க, அதுக்கும் அதே வயசு தான். மாமா அன்னைக்கு ரோட்டோரம் ஸ்டெப்னிய எடுத்து மாட்டலாம்னு பாத்தா அதுல காத்தே இல்ல, நான் தர்மபுரியிலேர்ந்து என் ஸ்டெப்னிய எடுத்துட்டுப் போற வரைக்கும் ஒன்றரை மணி நேரம் வெயில்ல நின்னாரு.