சிலோன் ரூபாய்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் தாத்தா இலங்கையில் அட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். ‘நான் கொண்டுவந்த சிலோன் ரூபாய்க்கு இங்கே ஒன்றரைக்கு மேல் கொடுத்தான்’ என்று இன்றும் சொல்வார். நாங்கள் சிரிப்போம். இப்போது நம் ஒரு ரூபாய்க்கு அங்கே மூன்று ரூபாய்க்கு மேல் கிடைக்கிறதே! அவர் பெருமைக்குச் சொல்கிறாரா? 1947இல் ஒரு டாலர் ஒரு ரூபாய் என்கிறார்கள். அந்த மரியாதை நம் ரூபாய்க்கு எப்போது திரும்பும்? ஆண்டுவாரியான பட்டியல் எங்கே கிடைக்கும்?

க.

அன்புள்ள க.,

டாலர் விஷயத்தை முதலில் தள்ளிவிடுகிறேன். 1947இல் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 3 ரூபாய் 31 காசு. அன்று ரூபாயைப் பவுண்டோடு கட்டிவைத்திருந்தார்கள். ஒரு ரூபாய்க்கு ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ், அதாவது ஒரு பவுண்டுக்கு 13 ரூபாய் 33 காசு. அதே பவுண்டுக்கு 4.03 டாலர். வகுத்துப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகாது. வாட்ஸப்பில் வந்ததை அனுப்புவதற்கு முன் அந்த இரண்டு நிமிடத்தைச் செலவழிக்கக் கூடாதா? பிற்கால ஆண்டுகளின் பட்டியல் ரிசர்வ் வங்கியின் தளத்தில் இருக்கிறது, தேடிக்கொள்ளுங்கள்.

தாத்தாவைப் பார்த்துச் சிரித்தீர்கள் என்பதுதான் என்னை எழுதவைத்தது. உங்கள் கடிதம் வந்த வாரம் நானும் அதே சிலோன் ரூபாயைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இலங்கை ரூபாயும் இந்திய ரூபாயும் நெடுங்காலம் ஒன்றுக்கு ஒன்று. 1949இல் பவுண்டோடு சேர்ந்து இறங்கியதிலிருந்து இரண்டுமே டாலருக்கு 4.76. 1966 ஜூன் 6 அன்று இந்தியா 7.50 ஆக்கியது. ரூபாயின் மதிப்பை 36.5 சதவீதம் குறைத்ததாக அறிவித்தார்கள். டாலரின் விலை ஏறியதோ 57.5 சதவீதம். பள்ளிக் கணக்குதான், ஆனாலும் இன்றுவரை பலரும் இதில் தடுக்கி விழுகிறார்கள். (தன்னைக் கேட்காமல் செய்துவிட்டார்கள் என்று காமராஜருக்குக் கோபம். அது தனிக்கதை.) இலங்கை அசையவில்லை. ஆகவே அன்றிலிருந்து சிலோன் நூறு என்பது இங்கே நூற்றைம்பத்தேழரை.

என் அம்மா வழியில் மூன்று பேர் அங்கிருந்து வந்தார்கள். மூன்று பேரும் ஒரே தோட்டம், ஒரே லயம் (தொழிலாளர்களின் வரிசை வீடு). பெரிய மாமா 1965இல் வந்தார். நூறுக்கு நூறு. சின்ன மாமா 1967 தொடக்கத்தில் வந்தார். நூறுக்கு நூற்றைம்பத்தேழரை. இரண்டு பேரும் சேர்ந்து நிலம் வாங்குவதாகப் பேச்சு. பெரிய மாமா திண்ணையில் உட்கார்ந்து, “ரெண்டு பேரும் ஒரே கங்காணிகிட்டதான் பேர் வாங்கினோம். உன் நூறு மட்டும் எப்படிடா குட்டி போட்டுச்சு?” என்று கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. (தோட்டத்தில் ‘பேர்’ என்றால் ஒரு நாள் வேலைக் கணக்கு.) சின்ன மாமாவுக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டியதும் இல்லை. ஏதோ ஏமாற்றியவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார். பாட்டிதான் உள்ளேயிருந்து, “அவன் காசு கடல்ல குளிச்சிட்டு வந்திருக்கு, விடுடா” என்றாள். நிலம் வாங்கவில்லை. பெரிய மாமா கடைசிவரை அந்த ஐம்பத்தேழை மறக்கவில்லை.

சித்தி வந்தது 1969. அதற்குள், 1967 நவம்பரில், பிரிட்டன் பவுண்டைக் குறைக்க, இலங்கையும் தன் ரூபாயை 20 சதவீதம் குறைத்து டாலருக்கு 5.95 ஆக்கிவிட்டது. இந்த முறை இந்தியா அசையவில்லை. சித்திக்கு நூறுக்கு நூற்றியிருபத்தாறு. கொழுந்து பறித்து விரல் கறுத்ததில் மூவருக்கும் வித்தியாசம் கிடையாது. கப்பலேறிய தேதி மட்டும்தான் வேறு. இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப 1964இல் இரு நாடுகளும் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில், ஒரு குடும்பம் கொண்டுபோகக்கூடிய பணத்தின் உச்சவரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்க மாட்டோம் என்று ஒரு வரி உண்டு. அந்தப் பணம் இங்கே எத்தனை ரூபாய் ஆகும் என்பதை தில்லியும் கொழும்பும் எங்கள் வீட்டைக் கேட்காமலே தீர்மானித்துக்கொண்டிருந்தன.

அப்புறம், மரியாதை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை. 1974இல்கூட அரசுக் கணக்கில் இலங்கை ரூபாய் நம்முடையதைவிடப் பெரியது. அதே காலத்தில்தான் மலையகத்து லயங்களில் மக்கள் பட்டினியால் செத்தார்கள். மாவுக்கும் பாணுக்கும் (ரொட்டிக்கும்) வரிசை. இறக்குமதியை இறுக்கிப் பூட்டி, விலையைத் தாளில் உயர்த்திப் பிடித்திருந்தார்கள். அந்த ரூபாயைக் கடைக்குக் கொண்டுபோனால் வாங்க எதுவும் இல்லை. அந்த மரியாதையா உங்களுக்கு வேண்டும்? பிறகு 1977 நவம்பரில் பிடியை விட்டார்கள், ஒரே அடியில் டாலருக்கு 16 ஆனது. அதையொட்டி வந்தவர்களுக்கு நூறுக்கு ஏறத்தாழ ஐம்பத்து நான்குதான். ஜப்பானில் 1949 முதல் 1971 வரை ஒரு டாலருக்கு 360 யென். அந்த இருபத்திரண்டு வருஷத்தில்தான் அவர்கள் உலகத்துக்கே ரேடியோவும் காரும் விற்றார்கள். 360 என்பதற்காக யாரும் தலைகுனிந்ததாகத் தெரியவில்லை.

சரி, கோபித்துக்கொண்டேன். நீங்கள் சின்னப் பிள்ளை, போகட்டும்.

ஆனால் ஒன்று கவனித்தீர்களா? தாத்தா ‘ஒன்றரைக்கு மேல்’ என்கிறார். ஒன்றேகால் என்று சொல்லவில்லை. அப்படியானால் அவர் பணத்தை மாற்றியது 1966 ஜூனுக்கும் 1967 நவம்பருக்கும் இடையில், அந்தப் பதினேழு மாதத்துக்குள். ஒப்பந்தப்படி ஆட்கள் பெருவாரியாகத் தலைமன்னாரில் கப்பலேறியது அதற்கப்புறம்தான். அவர் எப்படி முன்னாலேயே வந்தார்? விசா முடிந்ததா, தோட்டத்தில் ஏதாவது தகராறா, இல்லை ஊரில் கல்யாணமா? பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எனக்கு எழுதுங்கள். சிரிக்காமல் கேளுங்கள்.