இண்டோமெதசின் சேர்த்ததும் டிஎன்எஃப் கூடியது ஏன்?

உங்கள் சோதனை தவறவில்லை. எல்பிஎஸ் (பாக்டீரியாவின் உறைப்பொருள்) கொடுத்த மேக்ரோஃபேஜ்களில் (கிருமிகளை விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்கள்) அழற்சியைத் தணிக்கும் மருந்தான இண்டோமெதசின் சேர்த்ததும், அழற்சியைத் தூண்டும் புரதமான டிஎன்எஃப் ஆல்ஃபா குறையாமல் கூடியது எதிர்பார்க்க வேண்டிய விளைவே.

அந்தச் செல்கள் காக்ஸ் என்ற நொதியின் உதவியால் அராக்கிடோனிக் அமிலத்திலிருந்து உருவாக்கிச் சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் இ2, அவற்றின் இபி2, இபி4 ஏற்பிகளில் அமர்ந்து, செல்லுக்குள் செய்தி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பியை உயர்த்தி, டிஎன்எஃப் உற்பத்திக்குக் கடிவாளம் போடுகிறது. இண்டோமெதசினால் காக்ஸ் நொதியை நீங்கள் தடுத்ததும் அந்தக் கடிவாளம் கழன்றிருக்க வேண்டும்.

அடுத்த சோதனைத் தட்டில் இண்டோமெதசினோடு 100 நானோமோலார் புரோஸ்டாகிளாண்டின் இ2-வையும் சேர்த்துப் பாருங்கள்; டிஎன்எஃப் இறங்கினால் காரணம் அதுதான். மருந்தைக் கரைக்கப் பயன்படுத்திய டிஎம்எஸ்ஓ கரைப்பான் மட்டும் இட்ட குழி ஒன்றும் கட்டாயம் இருக்கட்டும். அது இல்லாமல் வீணான தட்டுகளைப் பார்த்திருக்கிறேன்.

நியூட்ரோஃபில்கள் (இன்னொரு வகை வெள்ளையணுக்கள்) கலந்திருந்தால் கவனம் தேவை. தஞ்சாவூர்க்காரரான உங்களுக்குத் தெரியும், கல்லணையில் காவிரி மதகை இறக்கினால் வெண்ணாற்றில் தண்ணீர் கூடும். அதுபோல காக்ஸ் வழி அடைபட்டதும் அராக்கிடோனிக் அமிலம், அழற்சியைத் தூண்டும் மற்றொரு பொருளான லியூக்கோட்ரையீன் பி4 பக்கம் திரும்பக்கூடும் என்பதால், அதையும் அளந்த பிறகே முடிவை எழுதுங்கள்.