கர்ப்பமாக இருக்கும்போது வீட்டில் பூனை இருக்கலாமா?

இருக்கலாம். எங்கள் வீட்டில் இருந்தது. பெயர் சுப்பி. நாள் தள்ளிப்போய் டெஸ்ட்டில் இரண்டு கோடு வந்த அன்று மாலையே மாமியார், "முதல்ல அந்தப் பூனையை எங்கயாவது கொண்டுபோய் விட்டுட்டு வாங்க, முடி வயித்துக்குள்ள போனா பிள்ளைக்கு ஆகாது" என்றார். சுப்பி அது பாட்டுக்கு வாலை நக்கிக்கொண்டிருந்தது.

முடியால் அப்படி எதுவும் வராது. பயப்பட வேண்டியது டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணிக்குத்தான். எலி, குருவி, பச்சைக் கறி தின்னும் பூனைக்கு அது முதல்முறை தொற்றும்போது, ஒன்றிலிருந்து மூன்று வாரம் வரை மலத்தில் முட்டைகள் போகும். பெரும்பாலான பூனைகளுக்கு அந்த ஒரு தடவையோடு சரி. அந்த முட்டையும் விழுந்த உடனே தொற்றாது, பக்குவமாக 1 முதல் 5 நாள் ஆகும். அதனால்தான் தினமும் அள்ளிக் கொட்டிவிட வேண்டும் என்கிறார்கள்.

பால்கனி மூலையில் ஒரு பழைய பிளாஸ்டிக் டப், அதில் மணல். இதுதான் சுப்பியின் கழிவறை. ஆறு வருஷமாக அள்ளியது நான். அன்றிலிருந்து அந்த வேலை கணவர் தலையில் விழுந்தது. முதல் நாள் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, எதைக் கொண்டு அள்ளுவது என்று தெரியாமல் என் தோசைத் திருப்பியை எடுத்துக்கொண்டு போனார். அது அப்புறம் சமையலறைக்குத் திரும்பவே இல்லை. அவர் ஊரில் இல்லாத நாளில் நானே கையுறை, மாஸ்க் போட்டு அள்ளிவிட்டு சோப்பு போட்டுக் கை கழுவுவேன். டப்பைக் கழுவக் கொதிக்கிற தண்ணீர்தான். பிளீச்சிங் பவுடருக்கெல்லாம் அந்த முட்டை சாகாது.

இரண்டாம் மாத ரத்தப் பரிசோதனையில், இந்த ஒட்டுண்ணி வந்தால் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள்களான ஐஜிஜி, ஐஜிஎம் இரண்டும் நெகட்டிவ். ஆறு வருஷம் ஒரே கட்டிலில் தூங்கியும் சுப்பி எனக்கு எதையும் ஒட்டவைக்கவில்லை! சிரித்தேன். டாக்டர் சிரிக்கவில்லை. "உங்களுக்கு எதிர்ப்புச் சக்தி இல்லைனு அர்த்தம். இப்பப் புதுசா வந்தாத்தான் பிள்ளைக்கு ஆபத்து" என்றார். ஐஜிஜி மட்டும் பாசிட்டிவ் என்றால் எப்போதோ வந்து போனது, பொதுவாகக் கவலை இல்லை. ஐஜிஎம் பாசிட்டிவ் என்றாலும் உடனே அழ வேண்டாம். அது ரத்தத்தில் பல மாதம் தங்கக்கூடியது. மறுபடி பார்த்துத்தான் முடிவு சொல்வார்கள்.

அடுத்து அவர் பூனையைப் பற்றிக் கேட்கவே இல்லை. "கறி எப்படிச் சாப்பிடுறீங்க?" என்றார். மாமியார் பெருமையாகச் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை தவறாம சுவரொட்டி குடுக்கறேன்."

சுவரொட்டி என்றால் ஆட்டின் மண்ணீரல். கறிக்கடையில் சொல்லிவைத்து வாங்கி, தணலில் வாட்டி, உப்பும் மிளகுத்தூளும் தடவித் தருவார். மேலே கறுத்திருக்கும், வெட்டினால் உள்ளே செக்கச்செவேல். ரத்தம் ஊறுமாம். ஆட்டின் உடம்பிலும் இதே ஒட்டுண்ணி இருக்கலாம், அரைவேக்காட்டில் அது சாகாது. பூனையை விரட்டச் சொன்னவர் கையாலேயே நான் அதை வாங்கித் தின்றுகொண்டிருந்தேன். நல்ல வேளை, டாக்டரே எடுத்துச் சொன்னார்; என் வாயால் சொல்லியிருந்தால் வீடு ரெண்டாகியிருக்கும். அடுத்த ஞாயிறு சுவரொட்டி குக்கரில் நாலு விசில் வாங்கி வந்தது. ரப்பர் மாதிரி இருந்தது. மறு பேச்சில்லாமல் சாப்பிட்டேன்.

மண்ணையும் மறந்துவிடாதீர்கள். மொட்டைமாடி ரோஜாத் தொட்டி மண்ணைத் தெருப்பூனைகள் தோண்டி, மலம் கழித்துவிட்டு மூடிவைக்கும். வீடு கட்டக் கொட்டிய மணலிலும் அப்படித்தான். ஈர மண்ணில் அந்த முட்டை ஒரு வருஷத்துக்கு மேல்கூட இருக்கும். தொட்டி வேலைக்குக் கையுறை போடுங்கள். கீரை, கொத்தமல்லியை மண் போக அலசுங்கள்.

தெருக்குட்டி எதையும் இப்போது புதிதாக வீட்டுக்குள் சேர்க்காதீர்கள். முதல் தொற்று பெரும்பாலும் வேட்டை பழகும் குட்டிகளுக்குத்தான். கீறினால், கடித்தால் குழாயடியில் சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு டாக்டரிடம் போங்கள். ரேபிஸ் ஊசியைக் கர்ப்பத்திலும் போடலாம்.

மகனுக்கு இப்போது இரண்டு வயது. மணல் அள்ளும் வேலையை நான் இன்னும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. கணவரும் கேட்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை.