ஹங்கேரி 1956: துப்பாக்கிகள் ஓய்ந்த பிறகு

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். சோவியத் ஒன்றியம் பற்றிய உங்கள் கட்டுரையில் 1956 ஹங்கேரியை ‘தொழிலாளர் எழுச்சி’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோனீர்கள். நெடுங்காலமாகத் தொழிற்சங்கத்தில் இருப்பவன் நான். எங்கள் அரசியல் வகுப்பில் சொன்னது வேறு. இரண்டாம் உலகப்போர் வரை ஹங்கேரியை ஆண்ட வலதுசாரி ஹோர்த்தியின் மிச்சசொச்சங்களும் பழைய நிலப்பிரபுக்களும் அமெரிக்க வானொலியின் தூண்டுதலில் நடத்திய எதிர்ப்புரட்சி அது, கம்யூனிஸ்டுகளைக் கொன்று மரத்தில் தொங்கவிட்டார்கள், சோவியத் படை வந்திருக்காவிட்டால் பாசிசம் திரும்பியிருக்கும் என்றார்கள். அந்தப் படங்களை நானும் பார்த்திருக்கிறேன். தொழிலாளர்களின் அரசு என்றால் அதற்கு எதிராகத் தொழிலாளி ஏன் எழ வேண்டும்? அப்புறம், இன்றைய சூழலில் இதையெல்லாம் கிளறுவது வலதுசாரிகளுக்குத்தானே உதவும்?

ஒரு தொழிற்சங்க ஊழியர்,
கோவை

அன்புள்ள தோழருக்கு,

நீங்கள் பார்த்த படங்கள் பொய்யல்ல. 1956 அக்டோபர் 30 அன்று புடாபெஸ்டின் குடியரசுச் சதுக்கத்தில் கட்சி அலுவலகத்தை ஒரு கூட்டம் தாக்கியது. சரணடைந்து வெளியே வந்த ரகசிய போலீஸ் படையினரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர்களில் பலர் கட்டாய ராணுவச் சேவைக்காக அந்தப் படையில் சேர்க்கப்பட்ட இளைஞர்கள். உடல்களைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டார்கள். வெள்ளைக்கொடியோடு வெளியே வந்து குண்டடிபட்டு இறந்த இம்ரே மெசோ ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் குடியரசுக்காகப் போராடியவர், சீர்திருத்தத்தை ஆதரித்த கம்யூனிஸ்ட். அன்று நடந்தது கொடுமை. அதற்குச் சமாதானம் சொல்ல எதுவுமில்லை.

அமெரிக்கா நடத்திய வானொலியும் உண்மைதான். உதவி வரும் என்று நம்ப வைக்கும்படி அது பேசியது. உதவி வரவில்லை.

ஆனால் உங்கள் வகுப்பில் சொன்ன கதை நவம்பர் 4-ஆம் தேதி சோவியத் டாங்கிகள் புடாபெஸ்டுக்குள் நுழைந்ததோடு முடிந்துவிடுகிறது. நான் ‘தொழிலாளர் எழுச்சி’ என்று எழுதியதற்குக் காரணம் அதற்குப் பிந்தைய ஐந்து வாரங்கள்.

அதற்கு முன் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அக்டோபர் 23 அன்று போலந்தில் அப்போது நடந்த சீர்திருத்தத்துக்கு ஆதரவாக மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். மாலைக்குள் அதில் ஆலைத் தொழிலாளர்களும் சேர்ந்துகொள்ள, கூட்டம் லட்சத்தைத் தாண்டியது. ஸ்டாலின் சிலை விழுந்தது, வானொலி நிலையத்தில் துப்பாக்கிச் சூடு தொடங்கியது. மறுநாளே இம்ரே நாகி பிரதமரானார். அவரும் நெடுங்காலக் கம்யூனிஸ்ட்தான். அதே நாளில் புடாபெஸ்டின் உய்பெஸ்ட் பகுதியில் இருந்த மின்விளக்குத் தொழிற்சாலையில், தொழிலாளர்களே தேர்ந்தெடுத்து ஆலையை நடத்தும் அமைப்பான தொழிலாளர் கவுன்சில் முதன்முதலாக உருவானது. சில நாட்களில் நாடு முழுக்க ஆலைதோறும் கவுன்சில்கள் வந்துவிட்டன. அக்டோபர் 31 அன்று புடாபெஸ்ட் ஆலைகளின் பிரதிநிதிகள் கூடி அடிப்படை விதிகளை எழுதினார்கள். அவற்றில் முதலாவது, ஆலை தொழிலாளர்களுக்குச் சொந்தம் என்பது. இயக்குநர் ஆலையின் ஊழியர், கவுன்சிலுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் என்றும் எழுதினார்கள். நிலப்பிரபுக்களின் எதிர்ப்புரட்சி இப்படி ஒரு விதியை ஏன் எழுத வேண்டும்?

நவம்பர் 4 காலையில் டாங்கிகள் வந்தன. நாகி யூகோஸ்லாவியத் தூதரகத்தில் தஞ்சம் புகுந்தார். யானோஸ் காதாரின் அரசு சோவியத் துணையோடு அமைந்தது. ஆயுதச் சண்டை கிட்டத்தட்ட ஒரு வாரத்தில் அடங்கியது. கடைசிவரை தாக்குப்பிடித்த இடங்களில் ஒன்று, ‘சிவப்பு செப்பல்’ என்று கட்சியே பெருமையோடு அழைத்துவந்த இரும்பாலைப் பகுதி. இன்னொன்று, கட்சி புதிதாகக் கட்டி ஸ்டாலின் பெயர் சூட்டிய எஃகு நகரம்.

துப்பாக்கிகள் ஓய்ந்தன, ஆனால் ஆலைகள் ஓடவில்லை. நவம்பர் 14 அன்று, அதே உய்பெஸ்ட் மின்விளக்குத் தொழிற்சாலையில், பெரும் புடாபெஸ்ட் மத்திய தொழிலாளர் கவுன்சில் உருவானது. சீக்கிரமே அதன் தலைவரானவர் ஷாண்டோர் ராட்ஸ், தொலைபேசிக் கருவிகள் செய்யும் ஆலையில் டூல்மேக்கர், வயது 23. அவர்கள் கேட்டவை: நாகி திரும்ப வேண்டும், சோவியத் படை வெளியேற வேண்டும், பல கட்சிகள் போட்டியிடும் தேர்தல் வேண்டும், வேலைநிறுத்த உரிமை வேண்டும். கூடவே, ஆலைகளும் நிலமும் மக்கள் சொத்தாகவே நீடிக்க வேண்டும், பழைய முதலாளிகளிடம் போகக் கூடாது.

பேச்சுவார்த்தைக்கு வழி விடலாம் என்று நினைத்து அவர்களே வேலைக்குத் திரும்பச் சொன்னார்கள். நாடு தழுவிய கவுன்சில் ஒன்றை அமைக்க நவம்பர் 21 அன்று விளையாட்டரங்கில் கூட முயன்றபோது சோவியத் டாங்கிகள் அரங்கை மறித்தன. பதிலாக 48 மணிநேர வேலைநிறுத்தம் நடந்தது. டிசம்பர் 8 அன்று ஷல்கோதார்யான் என்ற சுரங்க நகரத்தில், கைதான தொழிலாளர் தலைவர்களை விடுவிக்கக் கோரித் திரண்டவர்களைச் சுட்டார்கள். மறுநாள் மத்திய கவுன்சில் தடைசெய்யப்பட்டது. டிசம்பர் 11 அன்று மறுபடியும் 48 மணிநேர வேலைநிறுத்தம் தொடங்கியது. அன்றே ராட்ஸைப் பேச்சுவார்த்தைக்கு என்று நாடாளுமன்றத்துக்கு அழைத்து, அங்கே வைத்துக் கைது செய்தார்கள். ஆயுள் தண்டனை கொடுத்து, 1963 பொது மன்னிப்பில்தான் விட்டார்கள்.

தொழிற்சங்கத்தில் இருப்பவர் நீங்கள். பேச வாருங்கள் என்று கூப்பிட்டுக் கைது செய்வது எந்தத் தரப்பின் பழக்கம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தொழிலாளி ஏன் எழ வேண்டும் என்று கேட்டீர்கள். 1956 வரை கட்சித் தலைவராக இருந்த ஸ்டாலினிஸ்ட் ராகோசியின் ஆட்சியில் ஹங்கேரித் தொழிலாளியின் நிலையைப் பாருங்கள். செய்த எண்ணிக்கைக்கு ஏற்ற பீஸ் ரேட் கூலி, எட்டியே ஆக வேண்டும் என்று அடிக்கடி உயர்த்தப்படும் உற்பத்தி அளவு, ‘அமைதிக் கடன்’ என்ற பெயரில் சம்பளத்திலிருந்து பிடித்தம். முறையிட ஒரு சங்கம் இருந்தது, ஆனால் அதன் வேலை உற்பத்தி அளவை எட்ட வைப்பது. முதலாளியும் அரசு, சங்கமும் அரசு, பத்திரிகையும் நீதிமன்றமும் அரசு. இப்படிப்பட்ட இடத்தில் கூலியைப் பற்றிய சண்டை கூலியோடு நிற்காது. ஃபோர்மேனிடம் தொடங்கும் வாக்குவாதம் நேராக அரசாங்கத்தின் மீது போய் முட்டும், ஏனென்றால் நடுவில் யாருமே இல்லை.

கிழக்கு ஜெர்மனியிலும் இதுதான் நடந்தது. 1953 மே மாதம் சம்பளம் ஏறாமல் உற்பத்தி அளவை மட்டும் 10 சதவீதம் ஏற்றினார்கள். ஜூன் தொடக்கத்தில் அரசு இறங்கிவந்து சிறுவணிகர்களுக்கும் விவசாயிகளுக்கும் சலுகை அறிவித்தது. தொழிலாளியின் 10 சதவீதம் மட்டும் அப்படியே இருந்தது. ஜூன் 16 அன்று பெர்லினில் ஸ்டாலின் சாலைக் கட்டடத் தொழிலாளர்கள் வேலையைப் போட்டுவிட்டு நடந்தார்கள். மறுநாள் நூற்றுக்கணக்கான ஊர்களில் வேலைநிறுத்தம், மதியத்துக்குள் சோவியத் டாங்கிகள். சோவியத் மண்ணிலேயே, 1962-இல் நோவோசெர்காஸ்க் நகரின் ரயில் என்ஜின் ஆலையில், கூலி குறைக்கப்பட்டிருந்த நேரத்தில் இறைச்சி விலை 30 சதவீதம் உயர்ந்தது. லெனின் படத்தைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனவர்களைச் சுட்டதில் 26 பேர் இறந்தார்கள். பிறகு 7 பேருக்கு மரண தண்டனை. உடல்களை உறவினர்களிடம் கொடுக்காமல் ரகசியமாகப் புதைத்தார்கள்.

இதில் எந்தத் தூண்டுதலைத் தேடுவது? காரணம் அவர்களின் சம்பளக் கவரிலேயே இருந்தது.

இதை அன்றே பார்த்துச் சொன்ன கம்யூனிஸ்டுகள் உண்டு. பிரிட்டிஷ் கட்சியின் நாளேடு புடாபெஸ்டுக்கு அனுப்பிய பீட்டர் ஃப்ரையர், தான் கண்டதை எழுதினார். பத்திரிகை அதை வெட்டியது, வெளியிடவும் மறுத்தது. அவர் விலகினார், கட்சி அவரை வெளியேற்றியது. இந்தியாவுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ஐநா மேற்பார்வையில் ஹங்கேரியில் சுதந்திரத் தேர்தல் நடத்தக் கோரிய தீர்மானத்தை நவம்பர் 9 அன்று நம் பிரதிநிதி கிருஷ்ண மேனன் சோவியத் அணியோடு சேர்ந்து எதிர்த்து வாக்களித்தார். அதே நாட்களில் சூயஸ் கால்வாய்க்காக எகிப்தைத் தாக்கிய பிரிட்டனையும் பிரான்சையும் அவ்வளவு உரக்கக் கண்டித்த நாடு இப்படிச் செய்தது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

கடைசியாக, வலதுசாரிகளுக்கு உதவாதா என்ற கேள்வி. நாகியை 1958 ஜூன் 16 அன்று தூக்கிலிட்டார்கள். அதன்பின் முப்பது ஆண்டுகள் ஹங்கேரியின் ஆளும் கட்சி 1956-ஐ எதிர்ப்புரட்சி என்றே பாடப்புத்தகத்தில் எழுதியது. 1989 ஜனவரியில்தான் கட்சித் தலைவர்களில் ஒருவரான இம்ரே போஸ்கை அது மக்கள் எழுச்சி என்று வானொலியில் சொன்னார். அதே ஆண்டு ஜூன் 16 அன்று நாகியை மரியாதையோடு மறுஅடக்கம் செய்தபோது, சோவியத் படை வெளியேற வேண்டும் என்று பேசிப் புகழ்பெற்ற இளைஞர் விக்டர் ஓர்பன். அவர் பின்னாளில் வலதுசாரிப் பிரதமரானது உங்களுக்குத் தெரியும். 1956-ஐ இன்று ஹங்கேரிய வலதுசாரிகள் தேசியவாதத்தின் வெற்றியாகக் கொண்டாடுகிறார்கள். ஆலை தொழிலாளிக்குச் சொந்தம் என்று எழுதியவர்களுக்கு அந்தக் கதையில் இடம் குறைவு. இடதுசாரிகள் முப்பது ஆண்டுகள் அவர்களைத் தங்களவர்கள் இல்லை என்று தள்ளிவைத்ததால்தான் இப்படி ஆனது. நாம் பேசாமல் இருந்தால் அந்த ஒரு கதைதான் மிஞ்சும்.

உங்கள் அரசியல் வகுப்பில் அடுத்த முறை ஹங்கேரி வந்தால், குடியரசுச் சதுக்கத்தின் படங்களைக் காட்டுங்கள், மறைக்க வேண்டாம். கூடவே அக்டோபர் 31 விதிகளையும் மத்திய கவுன்சிலின் கோரிக்கைகளையும் படித்துக்காட்டுங்கள். அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.