டேங்க்கின் உயரமும் டியூபுக்குள் காற்றும்: பிரிண்டர் கேள்வி பதில்

எச்பி, கேனன் கார்ட்ரிட்ஜ் பிரிண்டருக்கு வெளியே பாட்டில் (இதைத்தான் டேங்க் என்கிறோம்) வைத்து, டியூப் வழியாக இங்க் கொடுப்பது பற்றித்தான் இந்த முறை கேள்விகள் அதிகம். எழுதியவர்களில் பலர் இங்க்கைத்தான் சந்தேகப்படுகிறீர்கள். என்னிடம் வரும் பிரிண்டர்களில் இங்க் கெட்டுப்போய் வந்தது குறைவு. டேங்க் வைத்த உயரம், இல்லாவிட்டால் எங்கிருந்தோ நுழையும் காற்று, இந்த இரண்டைப் பார்த்தாலே பெரும்பாலான கோளாறு பிடிபட்டுவிடும்.

சார், சத்துவாச்சாரியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இடம் இல்லை என்று இங்க் பாட்டில்களை பிரிண்டர் மேலேயே வைத்து டியூப் இழுத்தேன். காலையில் வந்து பார்த்தால் உள்ளே முழுக்க இங்க் கொட்டிக் கிடக்கிறது. இங்க் தண்ணியாக இருக்கிறதா?

இங்க் சரியாகத்தான் இருக்கிறது, பாட்டில்தான் இருக்கக் கூடாத இடத்தில் இருக்கிறது. முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். கார்ட்ரிட்ஜ் இரண்டையும் கழற்றி, கொட்டியதை டிஷ்யூ பேப்பரால் ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம். ஹெட், அதாவது கார்ட்ரிட்ஜோடு இடமும் வலமும் ஓடி அச்சடிக்கும் பகுதி, ஓடும் பாதையில் ஒளி ஊடுருவும் மெல்லிய பிளாஸ்டிக் பட்டை ஒன்று நீளமாக இருக்கும். அதில் இங்க் பட்டிருந்தால் டிஸ்டில்டு வாட்டர் நனைத்த துணியால் மெதுவாகத் துடையுங்கள். அது அழுக்காக இருந்தால் ஹெட் எங்கே நிற்கிறது என்பதே பிரிண்டருக்குத் தெரியாது, போய் முட்டும். கீழே சர்க்யூட் போர்டு வரை இங்க் இறங்கியிருந்தால், காயும்வரை கரண்ட் கொடுக்காதீர்கள்.

நடந்தது இதுதான். கார்ட்ரிட்ஜின் அடியில் நாசில்கள் என்று முடியை விட மெல்லிய துளைகள் இருக்கின்றன. அதற்குள் இங்க் கீழே விழாமல் நிற்பதற்குக் காரணம், உள்ளே லேசாகப் பின்னுக்கு இழுக்கும் அழுத்தம் இருப்பதுதான். கம்பெனி கார்ட்ரிட்ஜில் அந்த வேலையை உள்ளே இருக்கும் ஸ்பாஞ்ச் செய்கிறது. டியூப் போட்ட பிறகு பாட்டிலின் உயரமும் அதில் சேர்ந்துகொள்கிறது. இங்க்கின் மேல்மட்டம் நாசிலுக்கு மேலே போனால், ராத்திரி முழுக்கச் சொட்டத்தான் செய்யும்.

மூடியைத் திறந்து, நாசில் இருக்கும் உயரத்தை ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். பாட்டிலில் இங்க் மட்டம் அதிலிருந்து 2 முதல் 5 சென்டிமீட்டர் கீழே இருக்கட்டும். பொதுவாக பிரிண்டர் இருக்கும் அதே மேஜையில் பக்கத்தில் வைத்தாலே போதும். நீளமான ஒல்லிப் பாட்டிலை விட, அகலமான குட்டைப் பாட்டில் நல்லது. இங்க் குறையக் குறைய மட்டம் அதிகம் இறங்காது.

கடையில் கிடைக்கும் இரண்டு அறை டேங்க்கில் இந்தக் கவலையும் இல்லை. கோழிக்குஞ்சுக்குத் தண்ணீர் வைக்கும் கவிழ்த்த குப்பி மாதிரிதான் அது: பெரிய அறை காற்றுப் புகாமல் மூடியிருக்கும், சின்ன அறை வழியாக அடியில்தான் காற்று நுழையும். அதனால் பெரிய அறையில் எவ்வளவு இங்க் இருந்தாலும் அழுத்தம் மாறாது. நிரப்பும்போது மட்டும் வரிசை தவறக் கூடாது. முதலில் சின்ன அறையின் காற்றுத் துளையை அடைத்துவிடுங்கள். அப்புறம் பெரிய மூடியைத் திறந்து ஊற்றி, இறுக்கி மூடுங்கள். கடைசியாகக் காற்றுத் துளையைத் திறங்கள். மாற்றிச் செய்தால் இங்க் சின்ன அறையில் ஏறி, ஃபில்டர் நனைந்துவிடும். நனைந்த ஃபில்டர் காற்றை விடாது.

குடியாத்தம். பத்துப் பக்கம் அருமையாக வருகிறது, அப்புறம் வெளிறிப்போகிறது. கொஞ்ச நேரம் விட்டுவிட்டு அடித்தால் மறுபடி நன்றாக வருகிறது. ஏன் அண்ணா?

தம்பி, பாட்டில் மூடியில் காற்று போக வழி வைத்தீர்களா? இங்க் வெளியே போகும் அளவுக்குக் காற்று உள்ளே வர வேண்டும். வராவிட்டால் பாட்டில் இங்க்கைத் திரும்ப இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மூடியில் சூடான குண்டூசியால் ஒரு துளை போட்டு, தூசி போகாமல் கொஞ்சம் பஞ்சு வையுங்கள். துளை ஏற்கெனவே இருந்தால், டியூப் எங்கேயாவது மடிந்திருக்கிறதா, பாட்டில் தரையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அண்ணா, நான் காட்பாடியில் படிக்கிறேன். மெடிக்கல் ஷாப்பில் விற்கும் ட்ரிப்ஸ் செட் டியூபை இதற்குப் போடலாமா?

வேலூரில் தடுக்கி விழுந்தால் மெடிக்கல் ஷாப் என்பதால் பலருக்கும் இந்த யோசனை வருகிறது. அந்த டியூப் இதற்கு விறைப்பு அதிகம். ஹெட் இடமும் வலமும் ஓடும்போது கூடவே வளைந்து கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கார்ட்ரிட்ஜையே தூக்கிவிடும். மெல்லிய சிலிக்கான் ரிப்பன் டியூபே வாங்குங்கள், நாலு நிறத்துக்கும் ஒன்றாக ஒட்டியே வரும். ஆனால் ட்ரிப்ஸ் செட்டில் இருக்கும் உருட்டு கிளாம்ப் அருமையான பொருள், டியூபை அடைக்க வைத்துக்கொள்ளலாம். சிரிஞ்சும் அங்கேயே வாங்கலாம். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: புதிதாக வாங்குங்கள். ஆஸ்பத்திரியில் பயன்படுத்திப் போட்டதைத் தொடவே கூடாது.

டியூபை ஒட்டும் முன்பு, கரண்ட் இல்லாமல் ஹெட்டைக் கையால் இரண்டு ஓரத்துக்கும் தள்ளிப் பாருங்கள். எங்கேயும் இழுக்கக் கூடாது, மூடியிலும் உரசக் கூடாது.

ஆற்காட்டிலிருந்து எழுதுகிறேன். ராத்திரி டியூப் நிறைய இங்க் இருக்கிறது. காலையில் பார்த்தால் பாதி டியூப் காலி, இங்க் பாட்டிலுக்கே திரும்பிவிட்டது. பெவிக்விக் போட்டு நன்றாகத்தான் ஒட்டினேன்.

கார்ட்ரிட்ஜின் மேல்பக்கத்தில் காற்று நுழைகிறது. டியூபுக்காக நீங்கள் போட்ட ஓட்டையை அடைத்திருப்பீர்கள், கம்பெனி போட்டதை விட்டிருப்பீர்கள். லேபிளை முழுக்க உரித்துப் பாருங்கள். பிளாஸ்டிக்கில் வளைந்து வளைந்து போகும் மெல்லிய பள்ளங்களும், அவற்றின் முனையில் சிறு துளைகளும் தெரியும். ஸ்பாஞ்ச் மூச்சு விடுவதற்காக வைத்தவை அவை. டியூப் போட்ட பிறகு மூச்சு பாட்டில் வழியாகத்தான் நடக்க வேண்டும். இந்தத் துளைகள் எல்லாவற்றையும் அடைக்க வேண்டும்.

பெவிக்விக் இதற்குத் தாங்காது. காய்ந்தால் கண்ணாடி மாதிரி விறைத்துவிடும், ஹெட் ஓடும் அதிர்வில் விரிசல் விடும். டியூப் நுழையும் இடத்தில் ரப்பர் வாஷரும் எல்போவும் (வளைந்த சின்ன இணைப்புக் குழாய்) போடுங்கள், மற்ற துளைகளுக்கு எம்-சீல். நன்றாக இறுகிய பிறகு கார்ட்ரிட்ஜை நாசில் கீழே இருக்கும்படி பிடித்து, சிரிஞ்சால் அடியிலிருந்து மெதுவாக உறிஞ்சுங்கள். டியூபில் குமிழி இல்லாமல் இங்க் ஓடி வரும்வரை இழுக்க வேண்டும். கலர் கார்ட்ரிட்ஜை டிஷ்யூவில் ஒற்றினால் மூன்று பட்டையும் கலக்காமல் தனித்தனியாகத் தெரிய வேண்டும். எந்தத் துளை எந்த நிறம் என்று சந்தேகம் இருந்தால், டியூப் போடும் முன்பே பல் குத்தும் குச்சியை விட்டு எடுத்துப் பாருங்கள். மாடலுக்கு மாடல் மாறும், யாரோ சொன்ன வரிசையை நம்ப வேண்டாம்.

ஆம்பூரில் ஷூ பெட்டிக்கு லேபிள் அடித்துக் கொடுக்கிறேன். கை ஈரம் பட்டாலே எழுத்து கரைகிறது.

நீங்கள் ஊற்றியிருப்பது டை இங்க். நிறம் பளிச்சென்று வரும், தண்ணீர் பட்டால் ஓடும். லேபிளுக்கு, தண்ணீரில் கரையாத நிறத்தூள் கொண்ட பிக்மென்ட் இங்க்தான் சரி. ஆனால் இருப்பதன் மேலேயே ஊற்றிவிடாதீர்கள். இரண்டும் கலந்தால் சில நேரம் திரிந்து நாசிலை அடைத்துவிடும். புது டியூப், புது கார்ட்ரிட்ஜ் என்று தொடங்குங்கள்.

ராணிப்பேட்டை. கருப்பு வரவே இல்லை. போர் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஹெட்டைக் கழுவினேன், அப்பவும் வரவில்லை.

பாலாற்றங்கரை ஊர்களில் போர் தண்ணீர் பல இடங்களில் ஒரே உப்பு. கொதித்தாலும் உப்பு போகாது, இன்னும் கெட்டியாகத்தான் ஆகும். நாசிலுக்கு அது விஷம். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரைக் கை பொறுக்கும் சூட்டில் டிஷ்யூவில் நனைத்து, அதன் மேல் கார்ட்ரிட்ஜைப் பத்து நிமிடம் வையுங்கள்.

அப்புறம் உலர்ந்த டிஷ்யூவில் ஒற்றுங்கள். கோடு விழவில்லை என்றால் அடைப்பு, இன்னும் ஊறவிடலாம். கோடு நன்றாக விழுந்தும் பேப்பரில் வரவில்லை என்றால், முதலில் பின்பக்கச் செம்பு முனைகளைத் துடைத்துப் பாருங்கள். அப்படியும் வராவிட்டால் ஹெட் எரிந்துவிட்டது. எச்பி, கேனன் ஹெட் இங்க்கைச் சூடாக்கித்தான் துளியைத் தள்ளுகிறது. அந்தச் சூட்டைத் தணிப்பதும் இங்க்தான். இங்க் வராமல் வறட்டு ஓட்டம் ஓட்டினால் கருகிவிடும். ஆகவே வெளிறத் தொடங்கியதும் அச்சை நிறுத்துங்கள். க்ளீனிங் மேல் க்ளீனிங் கொடுப்பது பலன் தராது.

ஆரணி. கேனனில் ஈ16 என்று காட்டி நிற்கிறது. பாட்டிலில் இங்க் இருக்கிறது.

அது பாட்டிலைப் பார்ப்பதில்லை, செலவான இங்க்கைக் கணக்குப் போட்டுச் சொல்கிறது. ஸ்டாப் பட்டனை 5 நொடிக்கு மேல் அழுத்திப் பிடியுங்கள், போய்விடும். ஈ13க்கும் இதேதான். இதன் பிறகு இங்க் அளவைப் பார்ப்பது உங்கள் கண் வேலை.

பிள்ளைகளின் ஸ்கூல் புராஜெக்ட்டுக்கு மாதம் இருபது, முப்பது பக்கம்தான். நானும் டேங்க் கட்டலாமா சார்?

வேண்டாம்மா. எச்பி 680 கார்ட்ரிட்ஜில் கருப்பு 480 பக்கம், கலர் 150 பக்கம் வரும் என்று கம்பெனி சொல்கிறது. உங்களுக்கு அதுவே மாதக்கணக்கில் வரும். டியூப் போட்டு ஓட்டாமல் விட்டால் காய்வதுதான் மிச்சம். வாரன்டியும் தகராறாகும். தினமும் அடிப்பவர்கள் கூட இப்போது புதிதாக வாங்குவதானால், கம்பெனியே டேங்க் வைத்துத் தரும் மாடலைப் பார்க்கலாம். எப்சன் 2010இல் இந்தோனேசியாவில் அப்படி ஒன்றை முதலில் விற்கத் தொடங்கியது, பிறகு கேனன், எச்பி எல்லாரும் வந்துவிட்டார்கள். வீட்டில் கட்டுவது, கையில் நல்ல பிரிண்டர் ஏற்கெனவே இருந்து, தினமும் வேலையும் இருப்பவர்களுக்கு.

வேலூர், கொணவட்டம். போன அக்னி நட்சத்திரத்தில் டேங்க் தானாகவே பொங்கி வழிந்தது. இந்த வருஷம் என்ன செய்வது?

ஜன்னல் ஓரத்திலிருந்து எடுத்துவிடுங்கள். டேங்க்கில் இங்க் பாதியாக இருந்தால் மீதி காற்று. வெயில் பட்டால் அந்தக் காற்று விரிந்து இங்க்கைத் தள்ளும். அதனால் கோடையில் டேங்க்கை நிறைய வைத்திருங்கள், காற்றுக்கு இடம் குறையும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை எல்லா நிறமும் உள்ள ஒரு பக்கம் அடியுங்கள்.

அப்புறம், சுவரில் ஸ்விட்சைத் தட்டி அணைக்காதீர்கள். பிரிண்டரின் சொந்தப் பட்டனில் அணைத்தால்தான் ஹெட் ஓரமாகப் போய் ரப்பர் மூடி மேல் உட்காரும். அச்சடிக்கும்போது கரண்ட் போய்விட்டால் ஹெட் நடுவில் திறந்தபடி நிற்கும். நம் ஊர் மே மாத வெயிலுக்கு ஒரே மத்தியானத்தில் நாசில் காய்ந்துவிடும். கரண்ட் வந்ததும் ஒருமுறை ஆன் செய்து, பட்டனிலேயே அணைத்துவிட்டு வேறு வேலைக்குப் போங்கள்.